மேஜருக்கு வெளியே பாதி நாள்: வேலூர் வட்டாரக் கல்லூரி ஒன்றின் பொதுப்பாடங்கள் குறித்து ஒரு மதிப்புரை

கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகள் எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எடுப்பது என்று ஏப்ரல் மாதத்திலிருந்தே வீட்டாரோடு வாதாடுகிறார்கள். அந்த மேஜரோடு சேர்ந்தே வரும் பொதுத்தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக்கல்வி, திறன் மேம்பாடு, பிறதுறை விருப்பப்பாடம், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. கட்டணம் கட்டிச் சேர்ந்த பிறகு, வகுப்பு அட்டவணையை நகலெடுத்துக்கொள்ளும் அன்றுதான், வாரத்தின் 30 மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி தான் கேட்டு வாங்காத பாடங்களுக்குப் போகிறது என்பது மாணவருக்குத் தெரியவருகிறது. ஒரு கடையில் பாதி விலைக்கு என்ன பொருள் வருகிறது என்று தெரியாமல் நாம் பணம் கொடுப்பதில்லை. ஆகவே இந்தப் பாதியை மட்டும் தனியே எடுத்து மதிப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

குடியாத்தம் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பழைய மாணவர்கள் வந்து, “சார், லாங்குவேஜ் தமிழே எடுத்துக்கலாமா, மார்க் வருமா?” என்று கேட்பது வழக்கம். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிவந்ததோடு, இப்போது என் அக்கா மகள் வேலூரை ஒட்டிய அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதத்தில் நான்கு பருவங்களை முடித்திருப்பதால், அவளுடைய நோட்டுகளையும் வினாத்தாள்களையும் அசைன்மென்டுகளையும் நிதானமாகப் படித்துப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வளாகத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது என் மற்ற மாணவர்கள் சொல்லும் செய்திகளிலிருந்து தெரிகிறது. நிறைகளில் சில மட்டும் அங்கே பணிபுரியும் ஓரிரு ஆசிரியர்களுக்கே உரியவை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையமாக வேலூரில் இருந்ததை உயர்த்தி 2002இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. வளாகம் காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று மேஜரும் அதன் துணைப்பாடங்களும், பகுதி நான்கு சுற்றுச்சூழல், மதிப்புக்கல்வி, திறன் பாடங்கள் முதலியவை, பகுதி ஐந்து விரிவாக்கப் பணி. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பெற வேண்டிய 140 கிரெடிட்டில் (பாடத்தின் எடையைக் குறிக்கும் புள்ளி) இரு மொழிகளுக்குமாக 24 கிரெடிட் போகிறது. பகுதி நான்கில் பெரும்பாலான பாடங்களுக்குத் தலா இரண்டு கிரெடிட்தான். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வரும் என்பது பாடத்திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் இடம் மாறிக்கொண்டிருப்பதால், அண்ணன் படித்த வரிசையைத் தம்பி நம்பக்கூடாது.

இரண்டு கிரெடிட் என்றால் இலேசானது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டம் கிடைப்பதைப் பொறுத்தவரை இரண்டு கிரெடிட் பாடமும் ஐந்து கிரெடிட் பாடமும் ஒன்றுதான். மேஜரில் எண்பதுக்கு மேல் வாங்கிய ஒரு பையன் சுற்றுச்சூழல் தாளில் தேறாமல் அரியர் வைத்துவிட்டு, மூன்றாமாண்டு முடிந்தபிறகும் பட்டச் சான்றிதழுக்கு வழியில்லாமல் அலைந்ததை என் பள்ளி மாணவர்களிடையே பார்த்திருக்கிறேன். மறுபக்கம், முதுநிலைச் சேர்க்கையில் பெரும்பாலும் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்பதால், பொதுப்பாடத்தில் தொண்ணூறு வாங்கினாலும் அதற்குத் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. தவறினால் தண்டனை உண்டு, நன்றாகச் செய்தால் பரிசு இல்லை என்ற இந்த ஏற்பாடே மாணவரின் அக்கறையைப் பாதி கெடுத்துவிடுகிறது.

ஆனால் இந்தப் பாடங்களை வகுத்தவர்களின் எண்ணம் சிறியதன்று. தன் துறை ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வெளியேறும் பட்டதாரி அரைப் படிப்பாளியே என்ற கருத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நூறாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. கொலம்பியாவில் 1919இலேயே எல்லா மாணவருக்கும் பொதுவான பாடம் ஒன்றைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் அதை வலுவாக எடுத்துச் சொன்னது 1948இல் அமைக்கப்பட்டு 1949இல் அறிக்கை தந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு. அதன் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன். அவர் 1888இல் பிறந்த திருத்தணி அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது; அவர் படித்த கல்லூரிகளுள் ஒன்று வேலூரின் ஊரிசுக் கல்லூரி. பொதுக்கல்வி வேண்டும் என்று நாட்டுக்குச் சொன்னவர் நம் ஊர்ப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர் என்பது, அந்தப் பெஞ்சுகளில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டிய செய்தி.

என் அக்கா மகள் வகுப்பறையில் படித்ததிலேயே சிறந்த பொதுப்பாடம் எது என்று கேட்டால் தயங்காமல் பொதுத்தமிழ் என்பேன். பாடப்பகுதி வழக்கமானதுதான்: சங்கப் பாடல்கள் சில, பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், இக்காலக் கவிதை, சிறுகதை, இலக்கிய வரலாறு, இலக்கணத்தில் கொஞ்சம், போட்டித்தேர்வுக்குப் பயன்படும் ஒருவரி வினாக்கள். இவற்றில் பாதியை மேல்நிலையிலேயே படித்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் சலிப்பாகவே இருக்கும். பாடத்தைத் தூக்கி நிறுத்தியது அங்கிருந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் கொடுத்த அசைன்மென்ட். வழக்கமாக எல்லாரும் எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் குறிப்பை விட்டுவிட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவர் செய்யும் தொழிலை, அதைப் பார்த்தறியாதவருக்குப் புரியும்படி நான்கு பக்கத்தில் எழுதிவர வேண்டும், வரையறைகள் வேண்டாம், வேலை நடக்கும் வரிசையில் எழுத வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அக்கா மகளின் பக்கத்து இருக்கைத் தோழி எழுதியதை அவளே வாங்கிவந்து காட்டினாள். தாய் பீடி சுற்றுகிறவர். முதல் நாள் இரவு இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைப்பது, காலையில் தகட்டை வைத்து அளவாக நறுக்குவது, மடியில் முறத்தோடு உட்கார்ந்து தூளை அளவாகத் தூவிச் சுருட்டுவது, நுனியை மடித்து நூல் கட்டுவது, கட்டுக் கட்டாக அடுக்கி எண்ணி ஒப்படைப்பது, இலை மோசமாக வந்த வாரத்தில் எண்ணிக்கை குறைந்து கூலி விழுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தது அந்தப் பெண். இடையில் ஓர் இடத்தில், “அம்மா பேசிக்கொண்டே சுற்றுவார், நான் பேசினால் என் கை நின்றுவிடும்” என்று ஒரு வாக்கியம். கணக்கு ஆசிரியன் நான். இலக்கியத்தை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பில் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு மனப்பாடம் ஒப்பித்த பிள்ளையிடமிருந்து அந்த நான்கு பக்கத்தை வாங்க முடிந்த வகுப்பு நல்ல வகுப்பு என்று சொல்ல இலக்கியம் தெரிய வேண்டியதில்லை. அதே கல்லூரியில் அடுத்த பருவத்துக்கு வந்த வேறோர் ஆசிரியர் பாட நூலை வாசித்து அடிக்கோடு போடச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடத்திட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மார்க் வருமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. தமிழ்வழியில் படித்தவருக்குப் பொதுத்தமிழில் தேர்ச்சி ஒரு சிக்கலே இல்லை. ஆங்கிலவழியில் படித்து, தமிழை எழுதும் பழக்கம் விட்டுப்போன பிள்ளைகள்தாம் நீண்ட விடைகளில் தடுமாறுகிறார்கள். அவர்களிலும் சிலர் மார்க்குக்குப் பயந்து வேறு மொழிக்குத் தாவுகிறார்கள். அதில் எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதைப் பிறகுதான் உணர்கிறார்கள்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு கிளைச் சிக்கல் இதில் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம் பக்கத்தில் உருது வீட்டுமொழி. குடியாத்தம், காட்பாடியின் ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு வீட்டுமொழி. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற இடங்களுக்கு உருதுவோடு நெடுநாள் உறவு. பகுதி ஒன்றில் தமிழ் அல்லாத மொழியை எடுப்பவர் தமிழை அத்தோடு விட்டுவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காதவர் பகுதி நான்கில் அடிப்படைத் தமிழும், படித்திருந்தும் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர் சிறப்புத் தமிழும் படித்தாக வேண்டும். அந்த இடத்தில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பிறதுறை விருப்பப்பாடம் இவர்களுக்குக் கிடைக்காது. இந்த விதி நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் மொழிக் கட்டத்தை நிரப்பும்போது யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. ஆம்பூரிலிருந்து வந்த ஒரு மாணவி, கணினி விருப்பப்பாடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்துவிட்டு, அட்டவணையில் சிறப்புத் தமிழைப் பார்த்த பிறகே விவரம் அறிந்தாள் என்று அக்கா மகள் சொன்னாள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கவிதை, சிறுகதை, இலக்கணம், கடிதம், உரையாடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பேச்சுப் பயிற்சி என்பது ஏட்டளவில்தான் நடக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் நான்கு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் கடைவீதிக் கைடை நம்புகிறார்கள். தமிழ்வழி மாணவருக்கு நான்கு பருவ ஆங்கிலம் அச்சத்தைக் குறைத்திருக்கிறதா என்று பார்த்தால், வாசிப்பில் கொஞ்சம் குறைத்திருக்கிறது, பேச்சில் இல்லை. நான் போடும் மதிப்பெண் பத்துக்கு ஐந்து.

சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. அதை இவ்வளவு மோசமாக நடத்துவதற்கும் தனித் திறமை வேண்டும்.

இது கல்லூரிக்குள் வந்த கதையே கேட்கத்தக்கது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், பள்ளி, கல்லூரி எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று கூறியது. அதன் தொடர்ச்சியாகவே பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை வகுப்புகளுக்கும் பொதுவாக, 50 வகுப்புகளும் எட்டு அலகுகளும் கொண்ட ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தது. அதன் எட்டாவது அலகு முழுவதும் களப்பணி. அருகிலுள்ள ஆறு, மலை, காடு, மாசுபட்ட இடம் ஆகியவற்றுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதே அந்த அலகு.

அதே மேத்தா வாதாடிய மற்றொரு வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்றுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்துத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதில் அளித்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கோட்பாடும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று தெளிவாக அறிவிக்கப்பட்டன. வட ஆர்க்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதிக்கப்பட்டதோடு, சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமை அமர்வு அமைக்கவும் அந்தத் தீர்ப்பு வழிசெய்தது. இந்தியாவின் எந்த மூலையில் சட்டம் படித்தாலும் மாணவர் ‘வேலூர் வழக்கை’ப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தாண்ட முடியாது.

அக்கா மகளின் நோட்டில் இந்தக் கோட்பாடு இருக்கிறது. மாசுபடுத்தியவர் ஈடுசெய்யும் கோட்பாடு என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வரி விடை. கீழே சிவப்பு மையில் சரிக் குறி. வழக்கின் பெயரோ ஊரின் பெயரோ இல்லை. நான் விவரத்தைச் சொன்னபோது, “நெஜமாவா மாமா? இது நம்ம வேலூரா?” என்று கேட்டாள். அவள் தினமும் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறாள்.

களப்பணி எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி வாசலுக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் தலைப்பைச் சொன்னால் இருபது பக்கம் வண்ணப் படங்களோடு எடுத்து, மேலே கண்ணாடித்தாள் வைத்துச் சுருள்கம்பி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்குக் கிடைத்த தலைப்பு, கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்திக் காடுகள். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஊரில், மலை சூழ்ந்த கல்லூரியில், அலையாத்திக் காடுகளைப் பற்றிக் களப்பணி அறிக்கை. அதன் முதல் பக்கத்தில் ‘நேரடிக் கள ஆய்வு’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் அறிக்கைகள் அதே கடையில் பிறந்தவையாம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

பிள்ளைகளையோ கடைக்காரரையோ இதற்குக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்தை நடத்த அங்கே தனி ஆசிரியர் இல்லை. வேலைப்பளு குறைவாக இருக்கும் துறையிலிருந்து ஒருவரிடம் அந்தத் தாளைத் தள்ளிவிடுகிறார்கள், அவரும் அடுத்த ஆண்டு மாறிவிடுகிறார். அவருக்குப் பாலாற்றைப் பற்றிப் படிக்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் செய்ய நினைத்தால் இது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. கர்நாடகத்தின் நந்திமலையில் புறப்பட்டு 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. அதன் கரையோர ஊர்கள் பலவற்றிலிருந்தும் அந்த ஒரு வகுப்புக்கே மாணவர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கைக்கருவியால் கரைந்துள்ள உப்பின் அளவைப் பார்த்துவிடலாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் அதிகபட்சம் 2,000. வாணியம்பாடித் தண்ணீரையும் ஒடுகத்தூர்த் தண்ணீரையும் ஒரே மேசையில் வைத்து அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பிற்பகல், இருபது பக்க அலையாத்திக் காட்டைவிட மேலானது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்து சராசரி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்த வகுப்பில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தகப்பன்மாரின் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எப்படி வேலை செய்கின்றன, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது, சிறு தொழிற்கூடம் அதைத் தாங்குமா என்று அவர்கள் வீட்டில் பேசிக் கேட்டிருப்பவை எந்தப் பாட நூலிலும் இல்லாதவை. இரு தரப்பு நியாயமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, அதை இரண்டு மதிப்பெண் வரையறையாகச் சுருக்கி எழுதச் சொல்வது அநியாயம். பத்துக்கு மூன்று, அந்த மூன்றும் பாடத்திட்டத்தை எழுதியவர்களுக்கு.

மதிப்புக்கல்வித் தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், நேர்மை என்றால் என்ன என்று எழுதி நேர்மைக்கு மதிப்பெண் வாங்கும் தாள். தேர்வுக்கு முந்தைய நாள் படித்தாலே போதுமானது. பிறதுறை விருப்பப்பாடம் பெயரில்தான் விருப்பம். கணித மாணவர்கள் அனைவருக்கும் வணிகவியல் துறையின் ஒரே பாடத்தைக் கல்லூரியே ஒதுக்கிவிட்டது. இருந்தாலும் வங்கிக் கணக்கு, காசோலை, காப்பீடு என்று அதில் படித்தவற்றைக் கொண்டு அக்கா மகள் வீட்டுக் கடன் பத்திரத்தைப் படித்து அவள் அப்பாவுக்கு விளக்கியதால், இதைப் பழிக்க முடியவில்லை. 2022 மார்ச் 1ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக வரும் திறன் பாடங்களில், கணினியில் அட்டவணை அமைத்துத் தரவுகளைக் கையாளும் பயிற்சி உருப்படியாக இருந்தது. ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி என்பதால், கைவைத்துப் பழகியது ஒருவர், வேடிக்கை பார்த்தது இருவர். கைப்பேசியிலேயே பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு.

பக்கத்துப் படிப்புகளில் இது எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் படிப்போருக்கு 2022-23 முதல் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று முதல் இரு பருவங்களில் தலா ஒரு கிரெடிட் பாடம் கட்டாயமாகியிருக்கிறது. பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன், வேலூர்க் கோட்டையின் அகழியையும் கற்சுவரையும் வைத்து ஒரு கருத்தரங்கு நடத்தியதாகச் சொன்னான். பாடம் பிடித்திருந்ததா என்று கேட்டதற்கு, “ஒரு கிரெடிட் சார், ஆனா தூக்கம் வரல” என்றான். வேலூரின் தனியார் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யில் பாடங்களையும் வகுப்பு நேரத்தையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை இருப்பதால், பொதுப்பாடத்திலும் அவர்களுக்கு விருப்பம் என்பது விருப்பமாகவே கிடைக்கிறது. கட்டணமும் அதற்கேற்ப இருக்கிறது என்பதால் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒப்பிடத்தக்கது கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வழக்கம். அங்கே முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் நிலையைக் கேட்டறியும் சமூக அறிமுகப் பயிற்சி நெடுங்காலமாக நடக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் தூக்கிவருகிறார்கள், கழிப்பறை உண்டா என்பவற்றை எதிர்கால மருத்துவர் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். கலை, அறிவியல் கல்லூரிக்குப் பணம் இல்லாமல் இருக்கலாம். கிராமம் இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் கிராமத்திலிருந்துதான் வருகிறார்கள்.

இனி சேரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விண்ணப்பம் வாங்கும் அன்றே அலுவலகத்தில் நிற்காமல், முடிந்தால் தமிழ்த்துறைக்கும் கணினி ஆய்வகத்துக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சுற்றுச்சூழல் தாளை யார் நடத்துகிறார் என்று இரண்டாமாண்டு மாணவர்களைக் கேளுங்கள், அவர்கள் சிரித்தால் விடை கிடைத்துவிட்டது. விருப்பப்பாடம் எத்தனை துறைகளிலிருந்து கிடைக்கிறது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அது விருப்பமில்லை. மொழிக் கட்டத்தை நிரப்பும் முன், தமிழ் அல்லாத மொழி எடுத்தால் பகுதி நான்கில் என்ன வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பருவம் தொடங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. இரண்டு கிரெடிட் தாள்களில் உள்மதிப்பீட்டு 25ஐ அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அசைன்மென்டைக் குறித்த நாளில் கொடுத்தாலே கிடைக்கும் மதிப்பெண் அது.

பகுதி ஐந்தைக் கடைசிக்கு வைத்தேன். ஒரே ஒரு கிரெடிட் என்பதால் பலர் பெயருக்கு ஏதாவதொன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம், இடையில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். அக்கா மகளின் முகாம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. ஏரிக்கால்வாயில் கருவேல முட்செடி வெட்டினார்கள், கால்நடை மருத்துவ முகாமுக்கு மாடுகளை வரிசையில் நிறுத்தினார்கள், இரவில் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார்கள். வீட்டில் தட்டு எடுத்து வைக்காத பெண் ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டிப் பரிமாறியதாக அக்கா இன்னும் நம்பாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிராமத்துப் பெரியவர் ஒருவர் ஏரியின் மதகு எந்த ஆண்டுவரை திறந்தது என்று சொன்னதை அவள் தன் டைரியில் குறித்துவைத்திருக்கிறாள். சுற்றுச்சூழல் நோட்டில் இல்லாத களப்பணி அங்கே இருந்தது. இந்த மதிப்புரையில் பத்துக்கு ஒன்பது பெறுவது இது ஒன்றே. ஓர் அணிக்கு நூறு பேர்தான் என்பதாலும், மூத்த மாணவர்கள் பாதி இடத்தைப் பிடித்திருப்பார்கள் என்பதாலும், வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே திட்ட அலுவலரை நேரில் பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டும்வரை காத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை.